கொதிகலன் அறையில் வெயில்

வில்லியனூர் யூஜின், விமானந்தாங்கிக் கப்பலின் கொதிகலன் அறையில் பதினைந்து வருஷம் வெந்தவர். விமானம் கிளம்பும்போதெல்லாம் தலைக்கு மேலே இரும்பு அதிரும். கண்ணால் ஒன்றைக்கூடப் பார்த்ததில்லை.

கப்பலுக்கு வயதாகிவிட்டது, அருங்காட்சியகம் ஆக்கப்போகிறோம் என்றார்கள். டிக்கெட் எடுத்தாவது மனைவி ஆனி மேரியோடு மேல்தளத்தில் நின்றுவிட வேண்டும் என்று காத்திருந்தார். கடைசியில் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டார்கள்.

இன்று கப்பலை உடைக்கிற வீடியோ செல்போனில் வந்தது. மேல்தளத்தை முழுசாக அறுத்துவிட்டிருந்தார்கள்.

"இதுல நீங்க வேல பாத்த எடம் எதுங்க?" என்றாள் ஆனி மேரி.

யூஜின் விரல் வைத்துக் காட்டினார். அந்த இருட்டறைக்குள் வெயில் சுள்ளென்று அடித்துக்கொண்டிருந்தது.

"இப்ப அடிச்சி இன்னாடி புண்ணியம்?" என்றார்.