பெட்டியை அடுக்கியவர்

குளியலறை எடை மெஷினின் மேல், என் பெட்டியை நெஞ்சோடு கட்டிப்பிடித்தபடி என் கணவர் ஏறி நின்றார். முள் எங்கே நிற்கிறதென்று அவருக்குத் தெரியவில்லை. பெட்டி மறைத்தது.

"என்ன காட்டுது? சீக்கிரம் சொல்லு, கை விட்டுப் போகுது."

"இருங்க, கண்ணாடியை எங்கேயோ வச்சிட்டேன்."

"உன் தலையிலதான் இருக்கு."

தலையில்தான் இருந்தது. குனிந்து பார்த்துச் சொன்னேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு அதிலிருந்து தன் எடையைக் கழித்தார். விமானத்துக்கு அனுமதித்த அளவைவிடச் சற்று அதிகமாக வந்தது.

"உங்க எடைன்னா எது? நிஜமா இருக்கறதா, டாக்டர்கிட்ட சொல்றதா?"

"டாக்டர்கிட்ட சொல்றதுதான்."

"அப்போ உங்க தொந்தியும் என் பெட்டிக் கணக்குல வந்துடுச்சு. எதையும் வெளியே எடுக்க வேணாம்."

சிரித்துக்கொண்டே இறங்கினார். பெட்டியைச் சுவரோரமாக நிறுத்தி, அதன் தலையில் செல்லமாக ஒரு தட்டு தட்டினார். "பூட்டு மட்டும் வாங்கிட்டு வந்துடறேன்" என்று செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினார். தெருமுனைக் கடையில் பூட்டை வாங்கி, சாவி சரியாகத் திறக்கிறதா என்று திருகிப் பார்த்துக்கொண்டிருந்தவர் அப்படியே உட்கார்ந்துவிட்டாராம். கடைக்காரர் தண்ணீர் கொண்டுவருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. பூட்டைக் கடைக்காரரே மறுநாள் கொண்டுவந்து என் கையில் கொடுத்தார். சாவி அதிலேயே இருந்தது.

என் கணவர் ஃபிரிட்ஜும் ஏசியும் பழுது பார்ப்பவர். தெருவில் அவருக்கு ஐஸ்காரர் என்று பெயர். வாழ்நாளில் ஒரு துண்டு ஐஸ்கூட விற்றதில்லை, ஆனாலும் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. நான் ஒரு பள்ளிக்கூட நூலகத்தில் புத்தகங்களுக்கு அட்டை போட்டு, எண் ஒட்டி, ஓய்வு பெற்றவள். வெளிநாட்டில் இருக்கும் ஒரே மகளுக்குப் பேறுகாலம் நெருங்கிக்கொண்டிருந்தது. இருவருமாகப் போய் உடனிருப்பதாக ஏற்பாடு. எங்கள் இரண்டு பேருக்குமே அதுதான் முதல் விமானப் பயணம்.

எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. யாரும் தன் பெட்டியைத் தானே அடுக்கக் கூடாது. என் பெட்டியை அவர் அடுக்குவார், அவர் பெட்டியை நான். போய்ச் சேரும் வரை எட்டிப் பார்க்கக் கூடாது. கல்யாணமான புதிதில் ஒரு உறவினர் வீட்டுக்கு ரயிலில் போனோம். அவரவர் பெட்டியை அவரவரே அடுக்கினோம். போய்த் திறந்தால் இரண்டிலும் சோப்பு, இரண்டிலும் குடை, இரண்டிலும் தலைவலித் தைலம். துண்டு ஒன்றிலும் இல்லை. அந்த வீட்டுக்காரர்களின் துண்டை மாற்றி மாற்றிக் கட்டிக்கொண்டு நின்றபோது அவர்தான் சட்டம் போட்டார்.

"உன் பெட்டியை நீயே அடுக்கினா உன் பயத்தையும் சேர்த்து அடுக்கிடறே. எடுத்துக்க வேண்டியதுக்கு இடமில்லாமப் போயிடுது."

"எடுத்துக்க வேண்டியது எதுன்னு நீங்க எப்படிக் கண்டுபிடிப்பீங்க?"

"எது இல்லாட்டி நீ என்னைக் கூப்பிடுவியோ அதான் அவசியமான சாமான். மத்ததெல்லாம் மூட்டை."

அவர் அடுக்கும் விதம் தொழிலிலிருந்து வந்தது. ஏசிக் குழாய்களின் மேல் போர்த்துவார்களே, கறுப்பு நுரைக்குழாய், அதன் மிச்சத் துண்டுகள் எங்கள் வீட்டில் மூலைக்கு மூலை கிடக்கும். உடையக் கூடியது, வளையக் கூடியது, குத்தக் கூடியது எதுவானாலும் அவர் அதற்குள் நுழைத்து, இரண்டு முனையையும் வெள்ளி நிற ஒட்டு நாடாவால் சுற்றிவிடுவார். என் பெட்டியைத் திறந்தால் துணிக்கடையா, குழாய்க்கடையா என்று சந்தேகம் வரும். ஆனால் ஒன்றும் உடைந்ததில்லை.

மகளால் அப்பாவைப் பார்க்க வர முடியவில்லை. அந்த மாதத்தில் விமானம் ஏறக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். போனில் அழுது ஓய்ந்த பிறகு ஒருநாள் கேட்டாள்.

"அம்மா, உன் பெட்டியை அப்பா அடுக்கி முடிச்சிட்டாரா?"

"பூட்டு ஒண்ணுதான் பாக்கி."

"நீ திறந்து பார்த்தியா?"

"இல்லடி."

"திறக்காதேம்மா. அப்படியே கொண்டு வா. அவர் கடைசியா செஞ்ச வேலை அதுதானே? அவர் முகத்தைத்தான் பார்க்கலை, அவர் அடுக்கி வச்சதையாவது நான் பார்க்கணும். ரெண்டு பேரும் சேர்ந்து திறப்போம்."

சரியென்றேன். அன்றைக்கே அந்தப் பூட்டைப் பெட்டியில் மாட்டினேன்.

என் நாத்தனாருக்கு இது பிடிக்கவில்லை. அவருக்கு அக்கா, எனக்கு அண்ணி. துக்கத்துக்கு வந்து, என் பயணத் தேதியைத் தள்ளிவைத்து, நான் கிளம்பும்வரை கூடவே இருந்தாள். அவர் பெட்டியைப் பிரித்துத் துணிகளை அலமாரியில் திரும்ப வைத்ததும் அவள்தான். நான் அந்த அறைக்குள் போகவில்லை.

"இதையும் பிரிச்சு ஒழுங்கா அடுக்கிக்கோம்மா. அவ்வளவு தூரம் போறே. உள்ளே என்ன இருக்குன்னே தெரியாம யாராவது பெட்டி தூக்கிட்டுப் போவாங்களா?"

"அவர் அடுக்கியிருக்காரு அண்ணி."

"அதான் பயமே. என் தம்பியை எனக்குத் தெரியாதா? விளக்குமாத்தைக்கூட வச்சிருப்பான்."

"வச்சிருந்தா அங்கே பெருக்கிக்கறேன்."

அவள் என்னை முறைத்தாள். பிறகு அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. அந்த வீட்டில் அத்தனை நாளில் நாங்கள் சிரித்தது அப்போதுதான். பாஸ்போர்ட், டிக்கெட், மாத்திரை, போட்டுக்கொள்ள ஒரு கம்பளிச் சட்டை ஆகியவற்றை மட்டும் அவளே ஒரு கைப்பையில் வைத்துக் கொடுத்தாள். வழக்கம் தப்பவில்லை.

விமான நிலையத்தில் என் பெட்டியை நகரும் பட்டையில் ஏற்றச் சொன்ன பையன் கணினியில் எதையோ தட்டிக்கொண்டே, முகம் பார்க்காமல் கேட்டான். எல்லோரிடமும் கேட்கும் கேள்விதான்.

"பெட்டியை நீங்களேதான் அடுக்கினீங்களா?"

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். எனக்கு முன்னால் நின்றவர்கள் எல்லோரும் அப்படித்தான் சொன்னார்கள். ஆனால் அவர் செய்த வேலையை நான் செய்ததாகச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

"இல்லை. என் வீட்டுக்காரர் அடுக்கினார்."

விரல்கள் நின்றன. "அவர் உங்ககூட வர்றாரா?"

"வர்றதாதான் இருந்தது. இறந்துட்டார்."

"உள்ளே என்னென்ன இருக்குன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

அவன் முதல்முறையாக என்னைப் பார்த்தான். பக்கத்தில் இருந்தவளிடம் ஏதோ முணுமுணுத்தான். பெட்டி ஒரு எந்திரத்துக்குள் போய் வந்தது. சற்று நேரத்தில் நான் ஒரு தடுப்புக்குப் பின்னால், இரும்பு மேசைக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தேன். மேசைக்கு அந்தப் பக்கம் நீலக் கையுறை போட்ட பெண் அதிகாரி. என் மகளைவிட நாலைந்து வயது கூட இருக்கும். திரையை என் பக்கம் திருப்பினாள். பெட்டியின் ஒரு பாதி முழுக்கக் குழாய் குழாயாகத் தெரிந்தது.

"இதெல்லாம் என்னம்மா?"

"ஏசிக்குப் போடற நுரைக்குழாய். சாமான் உடையாம இருக்கச் சுத்துவார்."

"குழாய்க்குள்ளே?"

"அதைத்தான் நானும் என் பெண்ணும் சேர்ந்து பார்க்கறதா இருந்தோம்." அப்பாவைக் காண வர முடியாத மகளைப் பற்றியும் சொன்னேன்.

"திறக்காம அனுப்ப எனக்கு வழியில்லைம்மா. சாவியைக் குடுங்க."

கொடுத்தேன். அவள் மறுபடி ஒருமுறை திரையைப் பார்த்தாள். பெட்டி புத்தகம் போல நடுவில் விரிகிற வகை. இரண்டு பாதிக்கும் தனித்தனி ஜிப் மூடி. "இந்தப் பக்கம் வெறும் துணிதான் தெரியுது. இதைத் தொட மாட்டேன். குழாய் இருக்கற பக்கத்தை மட்டும் பார்த்துடறேன். பாதி உங்க பொண்ணுக்கு, பாதி எனக்கு. சரியா?"

பாதியாவது மிஞ்சியதே என்று தலையாட்டினேன்.

குழாய்களை எடுத்து மேசைமேல் வரிசையாக வைத்தாள். நாடாவை வெட்டக் கத்தரியை எடுத்தவள், சட்டென்று நின்று கேட்டாள்: "இதுல என்ன இருக்கும்னு நினைக்கறீங்க?"

நீளமாக, ஒரு முனை வளைந்திருந்தது. "குடை" என்றேன்.

குடைதான்.

"இது?"

குட்டை, பருமன். "ஃபிளாஸ்க். காலையில எழுந்ததும் எனக்கு சுடுதண்ணி வேணும். பொண்ணு வீட்டுல அடுப்பைத் தேடிக்கிட்டுத் திரியக் கூடாதுன்னு வச்சிருப்பார்."

ஃபிளாஸ்க்தான். மூடியைத் திறந்தால் உள்ளே என் காலுறைகள், இடம் வீணாகக் கூடாதென்று. அதிகாரி புருவத்தை உயர்த்தினாள்.

"இது சின்னதா இருக்கே?"

"மூக்குக்கண்ணாடி. ஒண்ணு இல்ல, ரெண்டு மூணு இருக்கும். தலையில வச்சிட்டே தேடறவ நான்."

பழைய கண்ணாடி, அதற்கும் பழைய கண்ணாடி, ஒரு காது உடைந்து அவர் கம்பி சுற்றிய கண்ணாடி. தடுப்புக்கு வெளியே இருந்த காவலர் தலையை நீட்டி, "எல்லாம் சரியா?" என்றார். "சரிதான், போங்க. நாங்க பாதியில இருக்கோம்" என்றாள் அதிகாரி. எனக்கும் அவசரம் போய்விட்டது. என் கணவரே எதிரில் நின்று, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, "கண்டுபிடி பார்ப்போம்" என்பது போல இருந்தது.

கடைசிக் குழாய் மெலிசாக, முழங்கை நீளம். "மரக் கரண்டி" என்றேன் உறுதியாக.

நாடாவை வெட்டி உருவினாள். கரண்டி இல்லை. நுனியில் குட்டிக் கை செதுக்கிய மரக்கோல். கடையில் புதிதாக வாங்கியது.

"இது எந்தச் சமையலுக்கும்மா?"

எனக்கு முகம் சூடாகிவிட்டது. "முதுகு சொறியறது."

அவள் அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. நானும்தான். தினமும் குளிப்பதற்கு முன் "ஏங்க, இங்கே கொஞ்சம்" என்று அவரிடம் முதுகைக் காட்டி நிற்பேன். அதுதான் அவருக்கு அவசியமான சாமானாகத் தோன்றியிருக்கிறது. தான் இருக்க மாட்டோம் என்று அவர் முன்கூட்டி அறிந்து வைத்ததாக அண்ணி இப்போதும் சொல்கிறாள். அதெல்லாம் ஒன்றுமில்லை. மருமகன் நடமாடும் வீட்டில் நான் அப்படிக் கூப்பிட்டால் என் வீட்டுக்காரருக்குக் கூச்சமாக இருக்கும். அவ்வளவுதான்.

"திரும்ப வச்சுக்கோங்கம்மா" என்றாள் அதிகாரி. நான் குழாய்களையும் பெட்டியையும் மாறி மாறிப் பார்த்தேன். அந்த முதல் ரயில் பயணத்துக்குப் பிறகு என் பெட்டியை நான் அடுக்கியதே இல்லை. அதைச் சொன்னேன். "சரி, தள்ளுங்க" என்று அவளே அடுக்கினாள். நன்றாகவே அடுக்கினாள். பூட்டைப் பூட்டி, சாவியை என் கைப்பையின் உள்ஜிப்பில் போட்டுவிட்டு, "பொண்ணுகிட்ட நான் பாதிதான் பார்த்தேன்னு சொல்லுங்க" என்றாள்.

மகள் வீட்டில் பெட்டியைக் கட்டிலின் மேல் வைத்தோம். வயிறு இடிக்காமல் அவள் பக்கவாட்டில் உட்கார்ந்துகொண்டாள். இரும்பு மேசைக் கதையைச் சொன்னபோது அவள் கோபப்படுவாள் என்று நினைத்தேன். "முதுகு சொறியறதா? முன்பின் தெரியாதவங்க எதிரிலேயா?" என்று கட்டிலில் சாய்ந்து சிரித்தாள். பிறகு துணிப் பக்கத்து ஜிப்பைத் தொட்டாள். திறக்கவில்லை. கொஞ்ச நேரம் அதன் மேல் கையை வைத்துக்கொண்டே இருந்தாள். அவளாகத் திறந்தாள்.

என் உடைகள் உருளை உருளையாகச் சுருட்டப்பட்டு, செங்கல் சுவர் போல ஒன்றின் இடுக்கில் ஒன்று. அவள் ஒவ்வொன்றாக எடுத்து, சுருள் பிரியாமல் தன் பக்கத்தில் வைத்துக்கொண்டே போனாள். துணி தீர்ந்ததும் பெட்டியின் உள் ஓரத்தைச் சுற்றி வெள்ளையாக ஏதோ இரண்டு சுற்று சுற்றியிருப்பது தெரிந்தது. பெட்டியின் சட்டம் என்றுதான் நானும் நினைத்தேன். எந்திரமும் அப்படித்தான் நினைத்திருக்க வேண்டும். மகள் நகத்தால் நெம்பினாள். சரசரவென்று கையோடு வந்தது.

"அம்மா, இது ஃபிரிட்ஜ் கதவு ரப்பர்."

மடித்தால் கோணிப் போகும் என்று மடிக்காமல் ஓரமாகவே ஓட்டியிருக்கிறார்.

"உனக்கு எதுக்குடி இது?"

"என் ஃபிரிட்ஜ் கதவு மூட மாட்டேங்குதும்மா. நாற்காலியை முட்டுக் குடுத்துத்தான் வச்சிருக்கேன். எப்பவோ பேச்சுவாக்குல சொன்னேன். 'அளவு எடுத்துச் சொல்லு'ன்னார். சொன்னேன். அதுக்கப்புறம் அவரும் அதைப் பத்திப் பேசலை, எனக்கும் மறந்துபோச்சு." ரப்பரைத் தோளில் போட்டுக்கொண்டு அவள் அழுதாள். ஆனால் போனில் அழுதது போல இல்லை. அழுதுகொண்டே எழுந்து சமையலறைக்கு நடந்தாள்.

அவர் செய்வதைப் பார்த்துப் பார்த்து எனக்கும் கொஞ்சம் தெரியும். சுடுதண்ணீரில் ரப்பரை ஊறவைத்து, இளகியதும் துடைத்து, மேல் மூலையிலிருந்து பள்ளத்துக்குள் அழுத்திக்கொண்டே வந்தோம். மருமகன் கதவைப் பிடித்துக்கொண்டார். மூன்று மூலை கச்சிதமாக உட்கார்ந்தது. நாலாவது மூலைக்கு இரண்டு விரல் அளவு எட்டவில்லை.

"எப்படி அளந்தே?" என்றேன்.

மகள் உள்பக்கத்துப் பள்ளத்தைக் காட்டினாள்.

"வெளி விளிம்பைத்தானே அளக்கணும்? ஐஸ்காரர் பொண்ணாடி நீ?"

"அவர் எங்கே கேட்டார், உள்ளயா வெளியயான்னு?"

அவர் கேட்டிருக்க மாட்டார். தன் மகளுக்கு அதெல்லாம் தெரியாமல் இருக்கும் என்று அவருக்குத் தோன்றியிருக்காது. நாங்கள் மூவரும் அந்த இரண்டு விரல் இடைவெளியைப் பார்த்துக்கொண்டு நின்றோம். ரப்பரைக் கழற்ற மகள் விடவில்லை.

அதற்குப் பிறகு பேரன் பிறந்தான். குப்புற விழுந்தான். இப்போது சமையலறை வரை தவழ்ந்து வருகிறான். புது ரப்பருக்குச் சொல்லிவைப்பதாக மருமகன் வாரம் தவறாமல் சொல்கிறார். ஃபிரிட்ஜ் கதவுக்கு நாற்காலிதான் முட்டுக் கொடுத்து நிற்கிறது.