பிரபல ரவுடி

மருதையனை வெட்டிக் கொன்ற மறுநாள் பேப்பரில் நாலே வரிச் செய்தி வந்தது. தலைப்பு: 'பிரபல ரவுடி வெட்டிக் கொலை.'

நிரவியில் கொஞ்சம் நிலத்தில் நெல் போட்டுப் பிழைத்த மனிதர் அவர். அரசலாற்றில் மணல் அள்ள வந்த லாரிகளை ஊரைக் கூட்டி மறித்தார். அவர் மேல் ஒரு கேஸ் கிடையாது. ஆனால் அந்தக் காலத்தில் ஸ்டேஷனில் சொன்னதை நிருபர்கள் அப்படியே எழுதிவிடுவார்கள். செத்தவன் பெயருக்கு முன்னால் 'ரவுடி' என்று போட்டுவிட்டால் படிக்கிறவன் ஐயோ பாவம் என்று சொல்லமாட்டான். ஒழிந்தான் சனியன் என்று பக்கத்தைப் புரட்டுவான். ரவுடிகளுக்குள் தகராறு என்று வழக்கும் படுத்துவிட்டது. வெட்டியவர்கள் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஊருக்குள்ளேயே திரிந்தார்கள்.

மகள் சந்திரலேகாவைப் பள்ளிக்கூடத்தில் 'ரவுடி பொண்ணு' என்றார்கள். பெண் பார்க்க வந்தவர்கள் காபியைத் தொடாமலே எழுந்து போனார்கள். வெட்டியவர்களைவிட எழுதியவர் மேல்தான் அவளுக்கு வெறி. சிவநாதன் என்ற அந்த நிருபரின் பெயரை மனசுக்குள் போட்டு வளர்த்தாள்.

இருபது வருஷம் கழித்து, இப்போது அவள் காரைக்காலில் ஒரு லோக்கல் சேனலில் செய்தி எழுதி, அவளே வாசிக்கிறாள். போன மாசியில் ஒரு சாயங்காலம் போலீஸிலிருந்து வாட்ஸ்அப்பில் தகவல் வந்தது. பைபாஸ் ரோட்டு பாரில் ஒருவன் மண்டையைப் பாட்டிலால் உடைத்த ரவுடி தமிழ்வேந்தன் கைது. தகப்பனார் சிவநாதன், முன்னாள் நிருபர்.

செய்தி நேரத்துக்கு முன்பே சிவநாதன் ஆபீசுக்கு வந்து நின்றார். சட்டையெல்லாம் வியர்வை.

"பையன் அடிச்சது தப்புதாம்மா. செய்தியைப் போடுங்க, வேணாங்கல. ரவுடின்னு மட்டும் போட்டுடாதீங்க. அடுத்த மாசம் அவனுக்குக் கல்யாணம்."

"ஸ்டேஷன்ல அப்படித்தானங்க சொல்லியிருக்காங்க?"

"அவங்க ஆயிரம் சொல்லுவாங்க. நாமதான் விசாரிச்சுப் போடணும்."

சந்திரலேகா எழுதுவதை நிறுத்தினாள். "நான் நிரவி மருதையன் பொண்ணுங்க" என்றாள்.

"யாரும்மா?"

அவருக்கு அந்தப் பெயரே நினைவில்லை. கொஞ்சநஞ்சம் இருந்த தயக்கமும் அவளுக்கு அப்போதுதான் போயிற்று.

"நீங்க எழுதுன பிரபல ரவுடி."

சிவநாதன் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். "அப்ப எல்லாருமே அப்படித்தாம்மா எழுதுனோம்" என்றார் மெதுவாக.

"நானும் அப்படித்தாங்க எழுதப்போறேன்."

'ரவுடி' என்ற சொல்லை அழுத்தம் திருத்தமாக வாசித்தாள். கேமராவைத் தாண்டி, கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் நின்ற அவரைப் பார்த்தே வாசித்தாள். அந்த ராத்திரி நெடுநாளைக்குப் பிறகு வயிறாரச் சாப்பிட்டாள்.

கல்யாணம் நின்றுபோனது. அதற்குப் பிறகுதான் விஷயம் தெரிந்தது: முதலில் பாட்டிலை ஓங்கியவன் அடிபட்டவன்தான், தமிழ்வேந்தன் மேல் முன்னால் எந்த வழக்கும் இல்லை. சேனலை நடத்தும் சஃபியுல்லா அவளைக் கூப்பிட்டார்.

"திருத்தம் போட்டுடுவோம்மா."

"போடலாம் சார். இருபது வருஷம் போகட்டும்."

சஃபியுல்லா சிரிக்கவில்லை. அவளுடைய நாற்காலியில் தானே உட்கார்ந்து, தமிழ்வேந்தன் ரவுடி அல்ல, தவறாகச் சொல்லிவிட்டோம் என்று வாசித்தார். கேமராவுக்குப் பின்னால் கைகட்டி நின்ற சந்திரலேகா, தன் அப்பாவுக்காக ஒருத்தரும் இப்படி வந்து உட்காரவில்லையே என்று பல்லைக் கடித்தாள். அந்தப் பையன் மேல் இரக்கம் வருமோ என்று பார்த்தாள். வரவில்லை.

திருத்தம் போட்டது அவள்தான் என்று நினைத்துக்கொண்டு மறுநாள் சிவநாதன் நன்றி சொல்லப் போன் செய்தார். அவள் எடுக்கவில்லை.