நிற்க வேண்டிய முடிச்சு

சுக்கிச்சி இழுத்து இறுக்கினார். முடிச்சு படுத்துக்கொண்டது.

“நிக்கணும் சார்,” என்றாள் இறந்தவர்களுக்கு உடுத்திவிடும் வேலைக்காக வந்திருந்த ஓனுமா. “ரெண்டு காதும் மேலயும் கீழயுமா. படுத்தா உயிரோட இருக்கிறவங்க முடிச்சு.”

“தெரியும்மா.”

அவிழ்த்தார். மனைவி மிசாவோவின் நெஞ்சருகே வைத்த பனிக்கட்டிப் பொதி விரல்களைச் சுட்டது. நீலப்பூ யுகாத்தா அங்கியின் வலது மடிப்பை ஓனுமா மேலே போட்டிருந்தாள். போகிறவர்களுக்கு அப்படித்தான். இடுப்புப் பட்டையான ஓபியை மட்டும் தானே கட்டுவேன் என்று காலையிலிருந்து பிடிவாதமாக நின்றவர் சுக்கிச்சி.

மறுபடி கட்டினார். மறுபடி படுத்தது.

“மாப்ள, உங்களுக்கா வரல?” மிசாவோவின் அக்கா தோக்கிகோ மூக்கைச் சிந்தினாள். “ஒவ்வொரு வருஷமும் நிக்க வெச்சே கட்டுவீங்கன்னு இவ ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பா. இன்னிக்குன்னு பார்த்து ஒழுங்கா கட்டறீங்க!”

மிசாவோவின் விரல் மூட்டுகள் வீங்கிய கோடையிலிருந்து அந்த வேலை அவருடையது. முன்னோர் திருவிழாவின் ‘போன்’ நடனத்துக்குக் கிளம்பும் மாலை. எதிரே நின்று முடிச்சைப் போடுவார். அவள் குனிந்து பார்ப்பாள்.

“ஏங்க, இப்பவே என்னைப் பெட்டியில வைக்கிறீங்களா? அவுருங்க!”

அவிழ்ப்பார். அவள் தலைமுடியில் கமேலியா எண்ணெய் வாசம். மீண்டும் கட்டி, அவள் மூச்சை உள்ளிழுத்ததும் மொத்தத்தையும் வலப்பக்கமாகத் திருப்பி முதுகுக்குக் கொண்டுபோவார். அதற்குள் கோயில் திடலில் முரசு தொடங்கிவிடும்.

“ஆமை! உங்களால முதல் ஆட்டம் போச்சு.”

இரண்டாவது வருஷமே அவருக்குச் சரியாகக் கட்ட வந்துவிட்டது. நுனியை மேலிருந்து போட்டால் படுக்கும், அடியிலிருந்து கொண்டுபோனால் நிற்கும். அவ்வளவுதான் சூட்சுமம். அதை அவர் அவளிடம் சொன்னதே இல்லை. வருஷா வருஷம் முதல் தடவை வேண்டுமென்றே அடியிலிருந்து கொண்டுபோனார்.

வாசலில் கார்க் கதவு சாத்தும் சத்தம்.

“வண்டி வந்தாச்சு,” தோக்கிகோ பரபரத்தாள். “அந்தப் பொண்ணுகிட்ட குடுத்துடுங்க மாப்ள. ஒரு நொடியில முடிச்சுடும்.”

ஓனுமா கையை நீட்டவில்லை. காத்திருந்தாள்.

“நானே கட்டறேன் அக்கா.”

“நேரமாகுதுல்ல?”

“அவ என்னிக்கு நேரத்துக்குக் கிளம்பியிருக்கா?”

தோக்கிகோ சிரித்துவிட்டாள். உடனே கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

சுக்கிச்சி நுனியை எடுத்தார். இந்தத் தடவை கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். அடியிலிருந்து. மெதுவாக. இழுத்தார்.

நின்றது.

“சரியா வந்துடுச்சு சார்,” என்றாள் ஓனுமா.

சுக்கிச்சி தலையசைக்கவில்லை. மிசாவோவின் முகத்தையே பார்த்தார். உதட்டில் ஓனுமா பூசிய மெல்லிய சிவப்பு. வெளியே சில்வண்டுகள் மட்டும் கத்தின.

சவ வண்டிக்காரர்கள் காலணிகளைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, தலைதாழ்த்தி நின்றார்கள்.

“மாப்ள...”

அவர் இன்னும் நுனியை விடவில்லை. மற்றொரு கை மிசாவோவின் இடுப்போரம் ஓபியின் மேல் இருந்தது, வலப்பக்கமாகத் திருப்பத் தயாராக.