பதினொன்றேகால் பஸ்

நகரத்துப் புடுராயா பஸ் நிலையத்தின் கீழ்த்தளத்தில் பத்தாங் பெர்ஜுந்தை போகும் கடைசி பஸ் உறுமிக்கொண்டு நின்றது. கண்டக்டர் லீலாவதி படியில் ஒரு காலும் தரையில் ஒரு காலுமாக நின்று மாடிப்படியைப் பார்த்தாள். மணி பதினொன்று பதினெட்டு.

"எடுக்கட்டுமா?" என்று டிரைவர் அப்பளசாமி கேட்டார்.

"கங்கா வரலண்ணே. ரெண்டு நிமிசம் லா."

கங்கா செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடி வந்தாள். அவள் உடம்பிலிருந்து தரை துடைக்கும் குளோரக்ஸ் நெடி அடித்தது.

"லிப்ட நிறுத்திட்டாங்கக்கா. பதினாலு மாடி எறங்கி வரேன்."

லீலாவதி மணியை இரண்டு முறை இழுத்தாள். பஸ் புகையைக் கக்கிவிட்டு நகர்ந்தது.

அன்று பஸ்ஸில் முப்பதுக்கு மேல் ஆட்கள் இருந்தார்கள். பாதிப்பேர் கங்காவைப் போல, ஆபீஸ் முடிந்த பிறகு உயரமான கட்டடங்களைக் கூட்டித் துடைப்பவர்கள். மற்றவர்கள் சாப்பாட்டுக் கடைகளில் மங்கு கழுவுபவர்கள், காவலாளிகள். பெர்ஜுந்தைப் பக்கத்துத் தோட்டங்களில் ரப்பர் மரங்களைச் சாய்த்துச் செம்பனை நட ஆரம்பித்ததும் பால்வெட்டு குறைந்துபோனது. வெளியே வேலை தேடியவர்களை நம்பித்தான் எழுபத்தொன்பதில் இந்த ராத்திரி பஸ்ஸே விட்டார்கள். முதலில் அது கோலசிலாங்கூர் வரைக்கும் போனது. எண்பத்து மூன்றில் பெர்ஜுந்தையோடு நிறுத்திவிட்டார்கள். அதற்கு அப்பால் இருந்தவர்கள் கொஞ்ச நாள் சைக்கிளில் வந்து பஸ் ஏறினார்கள், பிறகு வேலையை விட்டுவிட்டார்கள். லீலாவதிக்கு அவர்களுடைய முகங்கள் இன்னும் ஞாபகம் இருந்தன.

சுங்கை பூலோ தாண்டியதும் எல்லாரும் தூங்கிவிடுவார்கள். யார் எந்த முச்சந்தியில் இறங்க வேண்டும் என்று லீலாவதிக்குத் தெரியும். ஒவ்வொருவரையும் தோளில் தட்டி எழுப்புவாள்.

எண்பத்தாறு ஜூன் மாதம், நோன்புப் பெருநாள் வாரத்தில், கம்பெனியின் செக்கர் சிவானந்தம் கடைசி பஸ்ஸில் ஏறினார். முன் சீட்டில் உட்கார்ந்து, மடியில் ஓர் அட்டையை வைத்து, அதில் செருகியிருந்த அச்சடித்த பாரத்தில் ஏதோ எழுதினார். பஸ்ஸில் நான்கு பேர்தான் இருந்தார்கள்: இரண்டு காவலாளிகள், ஒரு மங்கு கழுவும் கிழவர், ஊருக்குப் போகும் ஒரு மலாய்க்காரப் பையன்.

"மூணு நாளா பாக்கறேன். இதே கதிதான்" என்றார் சிவானந்தம்.

"சார், ஆபீஸ் எல்லாம் பெருநாள் லீவு. கூட்டுற பொம்பளைங்க யாருக்கும் வேலை இல்ல. அடுத்த வாரம் வந்து எண்ணுங்க, நிக்க எடம் இருக்காது."

"மேல குடுத்த தேதி இதுதாம்மா. நான் என்ன பண்ண?"

பெர்ஜுந்தையில் வண்டி நின்றதும் அவர் பாரத்தை அவளிடம் நீட்டினார். எல்லாம் இங்கிலீஷில் இருந்தது. லீலாவதி தமிழ்ப் பள்ளியில் ஆறாம் வகுப்போடு நின்றவள். எண்கள் மட்டும் அடையாளம் தெரிந்தன. மூன்று நாளும் நான்கு, மூன்று, நான்கு.

"இதுல லீவுன்னு எழுதுங்க சார்."

"அதுக்குக் கட்டம் இல்ல." அவர் பேனாவை அவள் கையில் கொடுத்தார். "நீ டியூட்டில இருந்தேன்னு ஒரு அத்தாட்சி, அவ்ளோதான். போடு."

அவள் அப்பளசாமியைப் பார்த்தாள். அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். எண்ணிக்கையில் பொய் எதுவும் இல்லை. அவள் கையெழுத்துப் போட்டாள்.

ஜூலையில் பஸ்ஸின் கண்ணாடியில் ஒரு தாளை ஒட்டினார்கள். ஆகஸ்ட் முதல் தேதியிலிருந்து கடைசி பஸ் எட்டரைக்கு. மலாயில் இருந்ததை லீலாவதி எழுத்துக் கூட்டிப் படித்துச் சொன்னாள். கங்கா இரண்டாவது தடவை படிக்கச் சொன்னாள்.

"எட்டரைக்கு நாங்க அஞ்சாவது மாடியில இருப்போம்" என்றாள்.

தோட்ட ஆபீசில் கணக்கெழுதும் கிராணி நடராஜா கம்பெனிக்கு ஒரு மனு எழுதிக் கொடுத்தார். கங்கா அதைத் தோட்டத்து வீட்டு வரிசைகளில் லயம் லயமாகக் கொண்டு போனாள். நாற்பத்தாறு கையெழுத்தும் கைநாட்டும் சேர்ந்தன. லீலாவதியும் போடுகிறேன் என்றாள்.

"வேணாங்க்கா. உங்க வேலைக்கு வம்பு வந்துரும்" என்று கங்கா தாளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

மூன்று வாரம் கழித்துப் பதில் வந்தது. அன்றிரவு கங்கா பஸ்ஸில் ஏறியதும் வழக்கமான சீட்டில் உட்காராமல் லீலாவதியின் எதிரே வந்து நின்றாள். கையில் கடிதம் இருந்தது.

"நாலு பேருதான் போறாங்களாம். கண்டக்டரே சாட்சிக் கையெழுத்துப் போட்டிருக்காங்களாம். கிராணி படிச்சுச் சொன்னாரு. அது நீங்களாக்கா?"

"பெருநாள் வாரத்துல எண்ணுனாங்க. நான் சொன்னேன் கங்கா. அதுக்குக் கட்டம் இல்லன்னுட்டாரு."

"அப்ப போடாம இருந்திருக்கலாமே?"

பின்னால் இருந்த பெண்கள் எட்டிப் பார்த்தார்கள்.

"எங்க வூட்டுக்காரரு கடல் தாண்டி சபாவுக்கு மரம் வெட்டப் போயி ரெண்டு வருசம் ஆச்சு. ஒரு கடிதாசி இல்ல. ஏழு வயசுப் பொம்பளப் புள்ளய விடிய விடிய யார் வூட்லக்கா விடுவேன்?" கங்காவின் குரல் உயரவில்லை. அவள் போய்க் கடைசி சீட்டில் உட்கார்ந்துகொண்டாள். அன்று அவள் தூங்கவில்லை. தன் முச்சந்தி வரும் முன்பே எழுந்து கதவருகே நின்றாள்.

லீலாவதி தன் ஓய்வு நாளில், இருப்பதில் நல்ல சேலையைக் கட்டிக்கொண்டு கம்பெனி ஆபீசுக்குப் போனாள். இரண்டு மணி நேரம் பெஞ்சில் உட்காரவைத்த பிறகு உள்ளே கூப்பிட்டார்கள். மேனேஜர் ஃபைலைத் திறந்து அவள் கையெழுத்தைக் காட்டினார்.

"இது உன்னோடதுதானே?"

"ஆமாங்க சார். ஆனா அன்னிக்கு…"

"நாலு பேருக்கு மேல இருந்தாங்களா?"

"இல்லைங்க."

"அப்ப இது நெசம். பொய்ன்னு நீ சொன்னா, பொய்க் கணக்குக்குக் கையெழுத்துப் போட்ட ஆளை நான் எப்படி வேலையில வச்சிக்கறது?" அவர் ஃபைலை மூடினார். கோபமாகக்கூட அவர் பேசவில்லை. "சொல்லு. பொய்யா, நெசமா?"

காற்றாடி சுற்றிக்கொண்டிருந்தது. லீலாவதியின் மூத்த மகன் அந்த வருடம் ஐந்தாம் பாரத்தில் பள்ளியின் கடைசிப் பரீட்சை எழுத இருந்தான்.

"நெசம் சார்" என்றாள்.

ஆகஸ்டில் அவளையும் அப்பளசாமியையும் விடிகாலை பஸ்ஸுக்கு மாற்றினார்கள். நாலரைக்குப் பெர்ஜுந்தையில் கிளம்பி, ஆறு மணிக்குப் புடுராயாவிலிருந்து திரும்பும் வண்டி. முதல் நாள் வண்டி உள்ளே நுழைந்தபோது தூண்களின் அடியில் அட்டைப் பெட்டிகளைப் பிரித்துப் போட்டுப் பெண்கள் படுத்திருந்தார்கள். முன்பு ராத்திரி பஸ்ஸில் கூட்டுகிற பெண்கள் மட்டும் பதினைந்து பேருக்கு மேல் வருவார்கள். இப்போது பதினொரு பேர்தான் மிஞ்சியிருந்தார்கள். ஒருத்தி ராத்திரி முழுக்க உட்கார்ந்து மற்றவர்களுக்குக் காவல் இருப்பாளாம், முறை வைத்து. அப்பளசாமி எஞ்சினை அணைத்துவிட்டு, அவர்கள் ஏறி முடிக்கும்வரை ஸ்டியரிங்கையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கங்கா ஏறினாள். சில்லறையை எண்ணி லீலாவதியின் உள்ளங்கையில் வைத்தாள். முகத்தைப் பார்க்கவில்லை. ஜன்னலில் தலை சாய்ந்ததும் தூங்கிவிட்டாள்.

ஈஜோக் தாண்டும்போது வெயில் வந்துவிட்டது. கங்காவின் முச்சந்தி நெருங்கியது. லீலாவதி போய் அவள் தோளைத் தட்டினாள். கங்கா திடுக்கிட்டு விழித்து, காலடியில் இருந்த பையைத் தேடி எடுத்தாள்.

முச்சந்தியின் எதிர்ப்புறம் தோட்டத்து ஸ்கூல் லோரி நின்றது. வெள்ளைச் சட்டையும் நீலக் கவுனுமாகப் பிள்ளைகள் பின்புறத்தில் நெருக்கியடித்து நின்றார்கள். கங்கா படியில் இருக்கும்போதே லோரி கிளம்பிவிட்டது.

"புஷ்பா!"

கடைசியில் நின்ற ஒரு சிறுமி திரும்பினாள். தலையில் எண்ணெய் இல்லை. ஒரு கையால் லோரியின் கம்பியைப் பிடித்திருந்தாள். கங்கா பையிலிருந்து ஒரு ரொட்டிப் பொட்டலத்தை எடுத்துத் தூக்கிக் காட்டியபடி ஓடினாள். பத்தடி, இருபதடி. செம்மண் தூசி எழுந்து லோரியை மூடியது. தூசி அடங்கியபோது சாலையில் கங்கா மட்டும் நின்றிருந்தாள். பொட்டலம் பிடித்த கை இன்னும் உயர்ந்தே இருந்தது.

"எடுக்கட்டுமா?" என்றார் அப்பளசாமி மெதுவாக.

பின் சீட்டுகளில் பத்துப் பெண்கள் வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தார்கள்.