ஜன்னல் கொண்டி

மகளுக்குப் பிள்ளைப்பேறு பார்க்கப் போன மனைவி போனவள்தான். குழந்தைக்குத் தலை நிற்கட்டும் என்றாள், தவழட்டும் என்றாள், இப்போது நடக்கட்டும் என்கிறாள். வார்ப்புக்காரருக்கு வாய்விட்டு வா என்று கூப்பிட்டுப் பழக்கமில்லை. ஆலையில் உலைக்கு முன்னால் வெந்து தீர்ந்த மனுஷன்; இப்போது வீட்டுப் பின்கட்டிலேயே சின்னச் சின்னச் சாமான்களை வார்த்துக் கொடுக்கிறார். அவள் போனில் மகள் வீட்டைத் திட்டினால் மட்டும் அவருக்கு வயிற்றில் பால் வார்த்ததுபோல் இருக்கும்.

நேற்றும் திட்டினாள். "சமையல்கட்டு ஜன்னல் கொண்டி உடைஞ்சு போச்சுங்க. காத்தடிச்சா அடுப்பு நிக்க மாட்டேங்குது. கடையில இந்த மாதிரி இல்லையாம். மாப்பிள்ளைகிட்ட குடுத்து விடுறேன், ஒண்ணு ஊத்திக் குடுங்க. அது மட்டும் சரியாயிட்டா இந்த வீட்டுல எனக்கு ஒரு குறையும் இல்ல."

கடைசியில் சொன்னது அவர் நெஞ்சில் முள்ளாக நின்றது.

காலையில் மாப்பிள்ளை துண்டுகளைக் கொடுத்துவிட்டு வேலைக்குப் போனார். வார்ப்புக்காரர் அவற்றைப் பசை வைத்து ஒட்டினார். அலுமினியம் ஆறினால் சுருங்கும் என்பதால் மேலே காகிதம் சுற்றிக் கொஞ்சம் பருமனாக்கி, ஈரமணலில் பதித்து அச்சு எடுத்தார். பழைய பிஸ்டனை மூசையில் போட்டு உருக்கினார். உலோகம் இளகிவிட்டது, ஆனால் இன்னும் சூடு ஏறவேண்டும். தெரிந்தேதான் ஊற்றினார்.

சூடு போதாத உலோகம் திருகாணித் துளையை இரண்டு பக்கமும் சுற்றி வந்து, சந்திக்கிற இடத்தில் கலக்காமல் நிற்கும். மயிரிழை போல ஒரு கோடு விழும். அரம் போட்டால் மறைந்துவிடும். கொஞ்ச நாள் திருகினால் அங்கேதான் முறியும். முறியட்டும். இதெல்லாம் ஒரு வீடா என்று பெட்டியைக் கட்டட்டும்.

அரம் போட்டு வழவழப்பாக்கினார். அப்போதுதான் அவள் கை ஞாபகம் வந்தது. எதையும் பக்குவமாகத் திறக்கிற கையா அது? பீரோவையே உலுக்கித்தான் திறப்பாள். முறியும்போது விரலைக் கிழித்துவிடும்.

"சனியனே" என்று தன்னையே திட்டிக்கொண்டு, கொண்டியை மறுபடி மூசையில் போட்டார். இந்த முறை பொறுத்திருந்து ஊற்றினார்.

சாயங்காலம் மாப்பிள்ளை வாங்கிக்கொண்டு போனதும் மனைவிக்கு போன் போட்டார்.

"குடுத்து விட்டுட்டேன்."

"நல்லா வந்திருக்கா?"

"நீ உலுக்கினாலும் ஒண்ணும் ஆகாது."

"எனக்குத் தெரியாதா உங்க கை."

அவர் காலால் மணலைத் தள்ளிக்கொண்டே நின்றார்.

"நீ எப்ப வர்ற?"

அந்தப் பக்கம் பாத்திரச் சத்தம் நின்றது.

"என்ன கேட்டீங்க?"

"காது கேக்கலன்னா விடு."

"கேட்டுச்சு. இன்னொரு தடவ கேளுங்களேன்."

கேட்டார். "பாப்பா நடக்குறது என்ன, ஓடுதுன்னு மாப்பிள்ளை சொன்னாரு" என்றும் சேர்த்துக்கொண்டார்.

அவள் சிரித்தாள். வருகிறேன் என்று சொல்லவில்லை. மாட்டேன் என்றும் சொல்லவில்லை.

"சாப்ட்டீங்களா?"

தினமும் ஆச்சு என்றுதான் சொல்வார்.

"இல்ல" என்றார்.