கிராணி எண்ணிய பதினான்கு நாள்

இதை நான் சரியாகத்தான் நினைவில் வைத்திருக்கிறேனா என்று நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை. எஸ்டேட் ஆபீஸ் குமாஸ்தாவான கிராணி ராதாகிருஷ்ணன் என்னிடம் இதை இரண்டு தடவை சொன்னார். முதல் தடவை கடிதம் வந்தது செவ்வாய்க்கிழமை என்றார். அடுத்த தடவை புதன் என்றார். அன்று மழை என்று ஒரு தடவை, வெறும் பனிமூட்டம்தான் என்று இன்னொரு தடவை. நாள் கணக்கு மட்டும் இரண்டு தடவையும் மாறவில்லை. ஆகவே செவ்வாய் என்றே வைத்துக்கொள்வோம்.

மலாய் நாட்டு மலையிலுள்ள அந்தத் தேயிலை எஸ்டேட்டில் தபால்காரர் வீடு வீடாகப் போவதில்லை. எல்லாக் கடிதமும் ஆபீசுக்கு வரும். காலையில் பெரட்டுக் களத்தில் ஆள் கணக்கு எடுத்து முடிந்ததும் கிராணி பெயர் சொல்லிக் கூப்பிட்டுக் கொடுப்பார். பெரட்டில் நிற்பவர்களில் முக்கால்வாசிப் பேர் இப்போது பங்களாதேஷ்காரர்கள். அவர்களுக்குச் செய்தியெல்லாம் கைபேசியில் வந்துவிடும். கடிதம் வருவது லயன் வீட்டு வரிசைகளில் மிச்சமிருக்கும் முப்பது தமிழ்க் குடும்பங்களுக்குத்தான். அதுவும் என்ன கடிதம்? தண்ணீர் பில், அபராதம் கட்டச் சொல்லும் போலீஸ் சமன், கடன் கம்பெனியின் எச்சரிக்கை.

கிராணிக்கு ஒரு வழக்கம் இருந்தது. கடிதத்தை யாரிடம் கொடுக்கிறாரோ, அவர்களாக அதைத் திரும்ப அவர் கையில் வைத்து, "என்னான்னு பாருங்க" என்று சொன்னால்தான் பார்ப்பார். உறையைப் பார்த்தாலே உள்ளே இருப்பது தெரிந்துவிடும் அனுபவம் அவருக்கு. ஆனாலும் கேட்காமல் வாய் திறக்க மாட்டார். முப்பது குடும்பத்துக் கடிதமும் தன் கை வழியாகப் போகிறபோது, அவர்கள் மானமும் தன் கை வழியாகத்தான் போகிறது என்பார். நல்ல வழக்கம்தான். லயனில் எல்லாரும் அதற்காகவே அவரை மதித்தார்கள்.

மணியம்மா பெரட்டுக்கு வருகிறவள் இல்லை. புருஷன் போன பிறகு மரம் வெட்டுவது போல வெட்டிவிட்டாள் எஸ்டேட் வேலையை. மகள் தனுஜா எஸ்டேட்டின் டீக்கடையில் வேலை செய்ததால் லயன் வீடு நிலைத்தது. மணியம்மா கடன் வாங்கி ஒரு பழைய வேன் எடுத்து, கியா பார்ம் சாலையோரத்தில் அவித்த சோளமும் ஸ்ட்ராபெரியும் விற்றாள். தினமும் காலையில் போகிற வழியில் வேனை ஆபீஸ் வாசலில் நிறுத்துவாள். கடிதம் இருந்தால் வாங்குவாள், உடனே அதை அவரிடமே நீட்டுவாள். அவர் படிப்பார். பிறகு இருவரும் பால் சேர்க்காத தே ஓ குடிப்பார்கள். பெரும்பாலும் பேச்சு இருக்காது. சரிவில் பனி விலகி ஒவ்வொரு வரிசையாகத் தேயிலை தெரிய வருவதைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். கல்யாணம் செய்துகொள்ளாத ஐம்பத்தாறு வயதுக்காரருக்கு அந்தப் பத்து நிமிஷம்தான் அன்றைய நாள். மிச்சம் வேலை.

அந்தச் செவ்வாய்க்கிழமை வந்தது தானா ராத்தா கோர்ட்டிலிருந்து, கையெழுத்துப் போட்டு வாங்க வேண்டிய உறை. மணியம்மா புத்தகத்தில் கையெழுத்துப் போட்டாள். கிராணி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு கையை நீட்டினார்.

அவள் உறையை மடித்துக் குளிர்ஜாக்கெட் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

"இல்ல கிராணி, குகன்கிட்ட காட்டிக்கிறேன். அவரு இதுக்கெல்லாம் வேற வழி வெச்சிருக்காரு."

நீட்டிய கையால் என்ன செய்வது என்று தெரியாமல் மேசையிலிருந்த பேனாவை எடுத்து மூடினார் கிராணி. அது ஏற்கெனவே மூடித்தான் இருந்தது. அன்று தேநீரும் குடிக்கவில்லை அவள்; அடுத்த நாட்களில் வேனையும் வாசலில் நிறுத்தவில்லை.

குகனேஸ்வரன் இதே லயனில் பிறந்து, ஈப்போவில் பத்து வருஷம் பாதுகாவலர் வேலை பார்த்துவிட்டுத் திரும்பியவன். கோலாலம்பூரில் ஏதோ ஓட்டலில் காசு கட்டி மூன்று நாள் வகுப்புக்குப் போயிருந்தான். வரும்போது தடியாக ஒரு ஃபைலும், தன் படம் போட்ட ஒரு அட்டையும் கொண்டுவந்தான். 'உயிருள்ள மனிதன்' என்று அதில் அச்சடித்திருந்தது. ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் கோயில் மண்டபத்தில் கூட்டம் நடத்தினான். அந்த வாரம் கிராணியும் போனார். போகக்கூடாது என்று நினைத்துக்கொண்டேதான் சட்டையை மாற்றினார். கடைசித் தூணுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டார்.

"ஐசியை எடுங்க எல்லாரும்," என்றான் குகன். அடையாள அட்டைகள் வெளியே வந்தன. "பேரு எப்படி இருக்கு? முழுக்கப் பெரிய எழுத்து. பள்ளிக்கூடத்துல அப்படியா எழுதக் கத்துக் கொடுத்தாங்க? அது நீங்க இல்லலா. அது நீங்க பொறந்தப்ப கவர்மெண்டு உங்க பேருல தொறந்த கம்பெனி. சமன் யாருக்கு வருது? அந்தக் கம்பெனிக்கு. நீங்க ஏன் கட்டணும்?"

"அப்போ என் பொண்டாட்டி யாருக்கு வாக்கப்பட்டா, எனக்கா கம்பெனிக்கா?" என்றார் லோரி ஓட்டும் பழனியப்பன்.

மண்டபம் சிரித்தது. குகனும் சிரித்தான். அதுதான் அவனிடமிருந்த கெட்டிக்காரத்தனம். தன்னைக் கேலி செய்தாலும் சேர்ந்து சிரிப்பான். கிராணிக்கு அது வராது.

"எனக்கு நாலு போலீஸ் சமன் வந்துச்சு. நாலையும் திருப்பி அனுப்பிட்டேன். ரெண்டு வருசமாச்சு, ஒருத்தன் கேட்டானா? கிராணி பின்னாடி நிக்கிறாரு, அவரையே கேப்போம். ஐயா, இருபது வருசமா எல்லாருக்கும் ஃபாரம் எழுதிக் கொடுக்கிறீங்க. ஒரு சமனாச்சும் ரத்தாயிருக்கா?"

"தவணை வாங்கிக் கொடுத்திருக்கேன்," என்றார் கிராணி.

"தவணை! கட்டவேண்டியதே இல்லைங்கிறேன், அவரு மெதுவா கட்டுங்கிறாரு!"

மறுபடி சிரிப்பு. அதில் மணியம்மாவின் சிரிப்பும் இருந்தது. அவளுக்கு இப்படி வாய்விட்டுச் சிரிக்க வரும் என்பதே கிராணிக்குத் தெரியாது. எத்தனை காலைகள் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார்! ஒரு தடவைகூட அவளைச் சிரிக்க வைக்க வேண்டும் என்று தோன்றவில்லையே என்று நினைத்தார்.

குகன் அவளை முன்னால் அழைத்தான். கோர்ட் கடிதத்தின் குறுக்கே, ஏற்கவில்லை, திருப்பி அனுப்புகிறேன் என்று மலாயில் எழுதினான். ஓரத்தில் ஒரு தபால் தலையை ஒட்டினான். "இப்ப உயிருள்ள ரத்தத்தோட அடையாளம் வேணும்க்கா," என்று சொல்லி, அவள் வலது பெருவிரலைத் தன் விரல்களுக்கு நடுவே பிடித்து, சிவப்பு மைப்பெட்டியில் அழுத்தி, தபால் தலை மேல் உருட்டினான். மெதுவாக, குழந்தைக்கு நகம் வெட்டுகிறவன் போல. பிறகு தன் கைக்குட்டையாலேயே அவள் விரலைத் துடைத்துவிட்டான்.

கிராணி வெளியே வந்துவிட்டார். லயன் பாதையில் நடக்கும்போது தன் பெருவிரலைத் தானே அழுத்திக்கொண்டு போனதை வீட்டுக்கு வந்த பிறகுதான் கவனித்தார்.

அவருக்குச் சட்டம் முழுக்கத் தெரியாது. ஆனால் இது தெரியும்: கோர்ட் கடிதம் கைக்கு வந்த பதினான்கு நாளுக்குள் ஆஜராகிறேன் என்று ஒரு ஃபாரம் கொடுத்துவிட வேண்டும். கொடுத்துவிட்டால் பேசலாம், அழலாம், மழையில் மண் சரிந்து ரோடு மூடியதால் வியாபாரம் படுத்துவிட்டது என்று சொல்லித் தவணை கேட்கலாம். கொடுக்காவிட்டால் வேன் கடன் கொடுத்த கம்பெனி கேட்டது அப்படியே தீர்ப்பாகிவிடும். பிறகு ஜப்தி செய்ய கோர்ட் பேலிஃப் வருவான். மணியம்மாவிடம் எடுத்துப்போகும்படி இருந்தது ஒன்றே ஒன்று, வேன். அது போனால் சோளமும் இல்லை, கடையும் இல்லை.

அவர் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அவள் கேட்கவில்லையே, நம் வழக்கம் அப்படியில்லையே என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். ஆனால் காலண்டரில் தினமும் பென்சிலால் ஒரு புள்ளி வைத்தார். நான்கு. ஐந்து. ஆறு. ஒவ்வொரு புள்ளி வைக்கும்போதும் மனசுக்குள் குகனின் முகம் வந்தது. பேலிஃப் முன்னால் அந்த ஃபைலை வைத்துக்கொண்டு அவன் முழிக்கிற முகம். அந்தப் படத்தில் மணியம்மா எங்கே நிற்கிறாள் என்று அவர் பார்க்கவே இல்லை.

ஒன்பதாம் நாள் பயம் வந்தது. அலமாரியிலிருந்து ஒரு ஃபாரம் எடுத்து, அவள் பெயர், ஐசி எண், வழக்கு எண் எல்லாம் நிரப்பினார். வழக்கு எண் உறையின் மேலேயே இருந்தது; பதிவுப் புத்தகத்தில் அவரே எழுதி வைத்திருந்தார். கையெழுத்து மட்டும்தான் பாக்கி. மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். இரண்டு நாள் அது பையிலேயே இருந்தது.

பதினொன்றாம் நாள் சனிக்கிழமை. பிரிஞ்சாங் வரை பஸ்ஸில் போய், அங்கிருந்து மேட்டில் நடந்தே கியா பார்முக்கு ஏறினார். சுற்றுலா பஸ்கள் வரிசையாக நின்றன. மணியம்மாவின் வேன் பின்கதவு திறந்திருந்தது. சோளப் பானையிலிருந்து ஆவி. வேனுக்குப் பக்கத்தில் மடக்கு நாற்காலி ஒன்று. அந்தக் கடைக்கு அவர் எப்போதாவது போகும்போதெல்லாம், ஈரத்தைத் துணியால் துடைத்து அதைத்தான் அவருக்குப் போடுவாள்.

அதில் குகன் உட்கார்ந்து சோளம் தின்றுகொண்டிருந்தான்.

"வாங்க கிராணி! மணிக்கா, ஐயாவுக்கு ஒரு சோளம் கொடுங்க, என் கணக்குல."

"எங்கிட்ட காசு இருக்கு," என்றார்.

"காசு இருக்கிறவங்கதான்லா கிராணி. நாங்க வெறும் உயிருள்ள மனுசங்க."

மணியம்மா சோளத்தை எடுத்துக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்தாள். அவர் முகத்தையே பார்த்தாள். இத்தனை வருஷம் பேசாமல் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவளுக்கு அந்த மனிதரின் மௌனத்தில் எது எந்த மௌனம் என்று தெரியும்.

"என்ன கிராணி, இவ்வளவு தூரம் நடந்து வந்திருக்கீங்க?" குரலைத் தாழ்த்தினாள். "அந்தக் கடிதம் விசயமா? ஏதாச்சும் சொல்லணுமா?"

கேட்டுவிட்டாள். வழக்கப்படியே கேட்டுவிட்டாள். சட்டைப் பையில் ஃபாரம் நெஞ்சில் உறுத்தியது. ஒரு பஸ் திரும்பிப் போவதைப் பார்த்தார். குகன் நாற்காலியைப் பின்னுக்குச் சாய்த்து, பல்லில் சிக்கிய சோளத் தோலை நாக்கால் எடுத்துக்கொண்டிருந்தான். இப்போது சொன்னால் அவன் சிரிப்பான். அவளும் சேர்ந்து சிரிப்பாள்.

"ஒண்ணும் இல்ல," என்றார் கிராணி. "சும்மா காத்து வாங்க வந்தேன்."

பதினான்காம் நாள் ஆபீசில் உட்கார்ந்திருந்தார். அவள் கையெழுத்தை வாங்கிக்கொண்டால் தானா ராத்தாவுக்கு ஆபீஸ் மோட்டார் சைக்கிளில் இருபது நிமிஷம். மூன்று மணிக்கு எழுந்து ஜாக்கெட்டை மாட்டினார். அவளே வந்தாலும் வரலாம் என்று மறுபடி உட்கார்ந்தார். ஐந்து மணிக்குப் புள்ளியை வைத்தார். ஃபாரத்தை நான்காகக் கிழித்துக் குப்பையில் போட்டார்.

தீர்ப்புக் கடிதமும் ஆபீசுக்குத்தான் வந்தது. மணியம்மா கையெழுத்துப் போட்டு வாங்கிக் குகனிடம் கொடுத்தாள். அவன் அதையும் சிவப்பு ரேகை வைத்துத் திருப்பி அனுப்பினான். அதோடு தீர்ப்பை மாற்றக் கேட்பதற்கான முப்பது நாள் கெடுவும் போனது. அதையும் கிராணி எண்ணினார்.

பள்ளி விடுமுறைச் சனிக்கிழமை ஒன்றில் பேலிஃப் வந்தார். நடுத்தர வயது மலாய்க்காரர். கூடவே வண்டி இழுக்கும் லோரி. குகன் அட்டையை நீட்டிக்கொண்டு குறுக்கே நின்றான். அந்த மனிதர் அட்டையை வாங்கி, பொறுமையாகப் படித்து, "நல்லது அண்ணே, நானும் உயிருள்ள மனுசன்தான், எனக்கும் வேலை இருக்கு," என்று மலாயில் சொல்லித் திருப்பிக் கொடுத்தார். சோளப் பானையைக் கீழே இறக்கிக்கொள்ள மணியம்மாவுக்கு அவகாசம் கொடுத்தார். வேன் முன்பக்கம் தூக்கியபடி மலையிறங்கிப் போவதைச் சுற்றுலாக்காரர்கள் படம் பிடித்தார்கள். குகன் யாருக்கோ ஃபோன் செய்துகொண்டே இருந்தான். அந்தப் பக்கம் யாரும் எடுக்கவில்லை. கிராணி ஆசையாகக் கற்பனை செய்துவைத்திருந்த முகம் அதுதான். பார்க்க அவர் அங்கே இல்லை.

மறுநாள் மணியம்மா கிராணி வீட்டுக்கு நடந்தே வந்தாள். எல்லாக் காகிதத்தையும் அவர் கையில் வைத்தாள்.

"என்னான்னு பாருங்க."

அவர் பார்த்தார். பார்க்க ஒன்றுமில்லை, தேதிகள் அவருக்கு மனப்பாடம். பதினான்கு நாளைப் பற்றிச் சொன்னார். ஃபாரத்தைப் பற்றிச் சொன்னார். மெதுவாக, ஒவ்வொன்றாக.

"இது உங்களுக்கு எப்பத் தெரியும்?"

"உறையைக் கொடுத்தப்பவே."

"அன்னிக்குக் கடையில வாய்விட்டுக் கேட்டேனே கிராணி."

"கேட்டே."

"அப்புறம் ஏன் சொல்லல?"

பொய் சொல்லலாம் என்று நினைத்தார். வழக்கம், மரியாதை, எஸ்டேட் உத்தியோகம் என்று எத்தனையோ இருந்தது சொல்ல. "அவன் நாற்காலியில உக்காந்திருந்தான்," என்றார்.

மணியம்மாவுக்கு முதலில் புரியவில்லை. புரிந்தபோது அவள் திட்டவில்லை, அழவும் இல்லை. அவர் கையிலிருந்த காகிதங்களை ஒவ்வொன்றாக வாங்கி அடுக்கினாள்.

"அவன் தெரியாம கெடுத்தான்," என்றாள். "நீங்க தெரிஞ்சு கெடுத்தீங்க."

வாசல் வரை போனவள் திரும்பி வந்து, மேசையில் அவர் தனக்கு ஊற்றி வைத்திருந்த தேநீரைத் தட்டால் மூடிவிட்டுப் போனாள். ஆறிவிடும் என்றுதான் மூடினாளா, கைப்பழக்கமா என்று கிராணிக்கு இன்றுவரை தெரியாது.

வேன் ஏலத்தில் போனது. கடனில் பாதிகூட அடையவில்லை. மிச்சத்தை மணியம்மா மாதாமாதம் கட்டிக்கொண்டிருக்கிறாள். அந்தத் தவணையைத் தனுஜா விடுப்பு எடுத்துக்கொண்டு ஈப்போவில் கடன் கம்பெனிக்குப் போய்ப் பேசி வாங்கினாள். மணியம்மா இப்போது பிரிஞ்சாங் இரவுச் சந்தையில் வேறொருவரின் கடையில் சோளம் அவிக்கிறாள். கேலி செய்த பழனியப்பனும் குகன் பேச்சைக் கேட்டுத் திருப்பி அனுப்பியிருந்த சமன்களால் லோரி லைசென்சைப் புதுப்பிக்க முடியாமல் போய், எல்லாவற்றையும் ஒரே நாளில் கட்டினார். குகனேஸ்வரனுக்குப் பிடியாணை வந்தது. ஒரு ராத்திரி லாக்கப்பில் இருந்து, அபராதத்தைக் கட்டி, ஈப்போவுக்கே திரும்பிப் போனான். அங்கே மறுபடி கூட்டம் நடத்துகிறான் என்று கேள்வி. ராதாகிருஷ்ணன் அடுத்த வருஷம் ஓய்வு பெற்று, கிராணி வீட்டைக் காலி செய்து, தானா ராத்தாவில் ஒரு அறையில் இருக்கிறார். மணியம்மா அவரோடு பேசுவதில்லை.