கரண்டு விளக்கு

தீக்குச்சியை உரசப் போன சொர்ணலட்சுமியின் கையைப் பாண்டிமீனா எட்டிப் பிடித்தாள்.

"விடு புள்ள. தலமாட்டுல ஒரு வெளக்கு இல்லாம எம்புட்டு நேரம் கெடப்பாக?"

"பின் ரூமைக் காலி பண்ணாம இந்த வீட்டுக்குள்ள எதையும் பத்த வைக்கக் கூடாதுக்கா."

"மெல்லப் பேசு. அங்கன ஆளுக இருக்காக."

சொர்ணலட்சுமி செத்தவளின் மூத்த மருமகள். தீப்பெட்டியை முந்தானைக்குள் ஒளித்துக்கொண்டாள். கூடத்து நடுவில் மரப்பெஞ்சில் பஞ்சம்மாள் கிடந்தாள். தாடையைச் சேர்த்துக் கட்டியிருந்தார்கள். கம்பெனி முதலாளி முன்னாலேயே மூடாத வாய் அது.

மீனாவுக்கு அவள் அத்தை, அப்பா அழகுராஜாவின் மூத்த அக்கா. சுற்றி உட்கார்ந்திருந்த பெண்கள் அவள் கதையைச் சொல்லிச் சொல்லி அழுதார்கள். கட்டினவன் செத்தபோது கையில் இரண்டு பிள்ளை, இடுப்பில் ஒன்று. தீப்பெட்டிக்குத் தாள் ஒட்டித் தொடங்கியவள் திரி வெட்டினாள், சரம் பின்னினாள், ஒரு பட்டாசுக் கம்பெனிக்குள் மூன்று ரூமைக் குத்தகைக்கு எடுத்தாள். அந்த ஊரிலிருந்து சிவகாசிக்குச் சைக்கிள் மிதித்துப் போன முதல் பொம்பளை. மேனேஜர் ஒருவன் ரூமைப் பிடுங்கப் பார்த்தபோது, "சார், உங்க கையில மை இருக்கு, எங்க கையில மருந்து இருக்கு. எது மொதல்ல பத்துதுன்னு பாத்துருவோம்" என்று அவன் மேஜை மேலேயே உட்கார்ந்தவள். தம்பி தங்கச்சிகள் அத்தனை பேரையும் கரையேற்றியவள்.

எல்லாம் உண்மைதான். சொல்லாமல் விட்டதும் உண்மைதான்.

அந்த வீட்டில் விபத்து என்ற சொல் கிடையாது. சத்தம் என்பார்கள். மேற்கே சத்தம், ஆனைக்குட்டம் பக்கம் சத்தம். மீனா ஆறாவது படிக்கும்போது ஒரு சத்தம் அத்தையின் ரூமிலிருந்து வந்தது. நான்கு பேர் உட்கார வேண்டிய ரூம். சீசன் நெருக்கடியில் ஐந்தாவதாக உட்கார்ந்தவள் மீனாவின் அம்மா. உட்கார வைத்தது யார் என்று ஊரில் ஒருத்தரும் கேட்கவில்லை. மயிர் கருகிய வாடையோடு வந்து நின்ற அத்தை, "சத்தம் வந்துருச்சு தாயி. இனி நீ படிக்கணும்" என்றாள். அவ்வளவுதான். அதன்பிறகு அந்த வீட்டில் மீனா பரீட்சைக்கு முதல் நாள் பாத்திரம் கழுவியதில்லை. குடும்பத்தில் முதல் பட்டம் அவளுடையது. பட்டமளிப்பு விழாவுக்கு அத்தை வந்தாள். மீனா அவளோடு போட்டோ எடுத்துக்கொள்ளவில்லை.

குத்தகை போனபிறகு தொழில் வீட்டுக்கே வந்தது. பின் ரூம் நிறையப் பின்னி முடித்த சரம். அனுமதி கிடையாது. பொறி பட்டுவிடக் கூடாதென்றே அத்தை அடுப்பை மொட்டைமாடிக்கு ஏற்றினாள். சாமி படத்துக்குக்கூட பிளாஸ்டிக் சுடர் வைத்த கரண்டு விளக்குதான். பின் ரூம் நிலையில் சணல் சாக்கு ஒன்று தொங்கும். காலையும் மாலையும் அதை நனைப்பது அவள் வேலை, வேறு யாரையும் விடமாட்டாள். ஆஸ்பத்திரிக்குப் போன நாளிலிருந்து அதை யாரும் நனைக்கவில்லை. மீனா போய்த் தொட்டுப் பார்த்தாள். விறைத்துக் கிடந்தது.

அவள் வாசலுக்குப் போனாள். சாமியானா பந்தலில் மூத்த மகன் முனியராஜ் வருகிறவர்களுக்குக் கை கொடுத்துக்கொண்டிருந்தான். பக்கத்து நாற்காலியில் அப்பா தலையைக் குனிந்தபடி இருந்தார்.

"பெரியத்தான், வண்டியைச் சொல்லி அந்த லோடை எடுத்துருங்க."

"ஊரே நிக்குது. இப்ப எடுத்தா எல்லாப் பயலும் பாப்பான். ஆத்தாளத் தூக்குனதும் மொத வேல அதான்."

"கொள்ளிச்சட்டி பின்வாசல்லதான் மூட்டுறாக."

"நாங்க பொறந்ததுலருந்து இதுக்குள்ளதான கெடக்கோம். தீவாளி ஆர்டர் மொத்தமும் அதுக்குள்ள இருக்கு. நீ வந்து சொல்லித் தரணுமாக்கும்." பக்கத்தில் இருந்தவனைப் பார்த்துச் சிரித்தான். "காலேசுக்கு அனுப்பாத, வாய் நீண்டுரும்னேன். ஆத்தா கேட்டாத்தான?"

"வாசல்ல சரம் வேற போடப் போறீகளாம்."

"சரம் கட்டுன கைய்யி. சத்தமில்லாமயா அனுப்புறது?"

"எங்கம்மாவ அனுப்புனீகளே சத்தத்தோட. அது பத்தலையா?"

முனியராஜ் நாற்காலிகளை எண்ணுகிறவன் மாதிரி வேறு பக்கம் பார்த்தான். அப்பாவின் தலை நிமிரவில்லை. காலடியில் கிடந்த செருப்பை மட்டும் நேராக வைத்தார்.

மேளக்காரர்கள் வந்ததும் ஆண்கள் நீர்மாலை எடுக்கக் கிளம்பினார்கள். அத்தையைக் குளிப்பாட்டும் தண்ணீர். வேட்டியைப் பந்தலாகப் பிடித்து, அடிபம்பிலிருந்து குடங்களில் கொண்டு வருவார்கள். அதற்குள் பெண்கள் பெஞ்சைச் சேலையால் மறைத்தார்கள். மீனா குனிந்து அத்தையின் அரைக்கயிற்றை அவிழ்த்தாள். கயிற்றில் பின் ரூம் சாவி. அத்தையின் விரல்கள் குளிர்ந்திருந்தன. நகக்கண்ணில் மருந்தின் ஈயநிறம் அப்படியே இருந்தது. எத்தனை தேய்த்தாலும் போகாத நிறம். சாவியைக் கைக்குள் மூடிக்கொண்டாள்.

நீர்மாலைக் குடங்கள் முற்றத்தில் வந்து இறங்கின. பின்வாசலில் கொள்ளிச்சட்டியில் சாண எருவாட்டி புகைந்துகொண்டிருந்தது. ஆனி மாதத்துக் காற்று. ஒரே வீச்சில் சட்டியிலிருந்து கங்குகள் கிளம்பின. ஒன்று சுவரில் பட்டு அணைந்தது. ஒன்று சாக்கில் விழுந்தது.

சாக்கின் ஓரம் கறுத்தது. கறுப்புக்குள் சிவப்பு ஊர்ந்தது.

மீனா எந்தக் குடம் என்று பார்க்கவில்லை. கைக்கு எட்டியதைத் தூக்கிச் சாக்கின் மேல் ஊற்றினாள். பூவும் மஞ்சளும் தண்ணீரோடு வழிந்தன. சிவப்பு போயிற்று. அதோடு நிறுத்தியிருக்கலாம். அவள் சாவியைப் போட்டுக் கதவைத் திறந்தாள். கூரை வரை அட்டைப்பெட்டி. வெறும் மருந்தாக இருந்தால் தண்ணீர் படவே கூடாது. இது கட்டி முடித்த சரம், ஊறினால் செத்துப்போகும். அத்தை சொல்லிக் கொடுத்ததுதான். அடுத்த குடத்தைத் தூக்கினாள்.

"அய்யய்யோ, நீர்மாலைத் தண்ணிடி" என்றாள் சொர்ணலட்சுமி.

முனியராஜ் ஓடி வந்தான். நிலையில் நின்று வாயைத் திறந்தான். கத்தினால் பந்தலுக்குக் கேட்கும். பல்லைக் கடித்துக்கொண்டு, "ஒன்னைய வளத்ததுக்கு நல்லாச் செஞ்சுட்ட. எங்காத்தா ஒழைப்பு அது" என்றான்.

"எங்கம்மா ஒழைப்பும்தான்."

அவன் குடத்தைப் பிடுங்கக் கையை நீட்டினான். பின்னாலிருந்து மோட்டார் உறுமியது. அழகுராஜா ஹோஸ் குழாயை இழுத்துக்கொண்டு வந்தார். பெண்டாட்டி செத்த நாளிலிருந்து அக்காவை ஒரு வார்த்தை கேட்டறியாத மனுஷன்.

"தள்ளிக்கோ மாப்ள" என்றார்.

முனியராஜ் தாய்மாமன் முகத்தைப் பார்த்துவிட்டுத் தள்ளிக்கொண்டான். அவர் உள்ளே போய், மேல் வரிசையிலிருந்து ஒவ்வொரு பெட்டியாக நனைத்தார். செடிக்குத் தண்ணீர் விடுகிறவர் மாதிரி நிதானமாக நனைத்தார். மீனா ஈரப்பெட்டிகளைக் கிழித்துக் கொடுத்தாள். ஒருமுறை மட்டும் அவர் குழாயை மூடி, அவள் கையில் ஒட்டிய சிவப்புத் தாளைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு மறுபடியும் திறந்தார்.

பஞ்சம்மாளை அதே ஹோஸ் தண்ணீரில்தான் குளிப்பாட்டினார்கள். பின் ரூமிலிருந்து வழிந்த சாம்பல் நிறத் தண்ணீர் பெஞ்சின் அடியில் வந்து, அவள் மேலிருந்து இறங்கிய மஞ்சள் தண்ணீரோடு சேர்ந்து, வாசல் வழியாகத் தெருவுக்குப் போனது. பந்தலில் இருந்தவர்கள் கால்களைத் தூக்கி வைத்துக்கொண்டார்கள். என்ன தண்ணீர் என்று யாருக்கும் தெரியாமல் இருந்திருக்காது. யாரும் கேட்கவில்லை.

கொள்ளிச்சட்டி முன்னே போக, மேளம் மட்டும் அடித்துக்கொண்டு அத்தையைத் தூக்கிப் போனார்கள். வாசலில் சரம் போடவில்லை. தெருமுனை தாண்டும் வரை பெண்கள் பழக்கத்தில் காதைப் பொத்தியபடியே நின்றார்கள்.

வீட்டைக் கழுவிவிட்டார்கள். பெஞ்ச் கிடந்த இடத்தில் விளக்கு வைக்க வேண்டும். சொர்ணலட்சுமி குத்துவிளக்கை வைத்தாள், எண்ணெய் விட்டாள், திரியை இழுத்துவிட்டாள். தீப்பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு மீனாவைப் பார்த்தாள்.

"இப்பப் பத்த வைக்கலாமுல்ல? அதான் எல்லாம் ஊறிருச்சே."

மீனா கருகின சாக்கை வாளியில் முக்கி, பிழியாமல் நிலையில் தொங்கவிட்டாள். ஈரக்கையைச் சேலையில் துடைத்தாள். சாமி படத்தடியில் இருந்த கரண்டு விளக்கை ஒயரோடு கழற்றிக்கொண்டு வந்து, கழுவின தரையில் அத்தையின் தலை இருந்த இடத்தில் வைத்தாள். ஒயர் எட்டவில்லை. பக்கத்துப் பிளக்கிலிருந்த அப்பாவின் போன் சார்ஜரைப் பிடுங்கிவிட்டு, அந்த இடத்தில் செருகி, சுவிட்சைப் போட்டாள்.

பிளாஸ்டிக் சுடர் ஒருமுறை மினுங்கிவிட்டு நின்று எரிந்தது.